கரிக்கு முன் வாயு: நிலக்கரிச் சுரங்கங்களில் மீத்தேன் வடிப்பு வளர்ந்த வரலாறு

நிலக்கரிச் சுரங்கத்தில் கசியும் மீத்தேன் வாயுவை, அது தொழிலாளர்கள் நடமாடும் பாதைகளின் காற்றோடு கலப்பதற்கு முன்பே துளையிட்டுப் பிடித்து, மூடிய குழாய் வழியாக மேலே கொண்டுவந்துவிடுவதற்கு மீத்தேன் வடிப்பு என்று பெயர். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலையை முறையாகச் செய்யக் கற்றுக்கொள்ள ஐரோப்பியச் சுரங்கத் தொழிலுக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் பிடித்தன. இத்தனைக்கும் குழாய் அன்றே இருந்தது, ஆபத்தும் தெரிந்திருந்தது, வெடிப்பு ஒவ்வொன்றிலும் பத்தும் நூறுமாக உயிர்கள் போய்க்கொண்டிருந்தன. வாயு எந்த இடத்திலிருந்து, எந்த நேரத்தில், எதனால் வெளிவருகிறது என்பது விளங்காதவரை, குழாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் தெரியவில்லை. ஆகவே வரலாற்றுக்குள் போவதற்கு முன், கரிக்குள் வாயு எப்படித் தங்கியிருக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

கரிக்குள் வாயு

பல கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த தாவரங்கள் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் கரியாக மாறும்போது, அந்த மாற்றத்தின் துணைப்பொருளாக மீத்தேனும் உண்டாகிறது. உண்டான வாயுவில் பெரும்பங்கு காலப்போக்கில் மேலேறித் தப்பிவிடும். எஞ்சியது கரியிலேயே தங்கிவிடுகிறது. அது குகை போன்ற பெரிய வெற்றிடங்களில் அடைபட்டிருப்பதில்லை. கரி முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த பொருள். ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்து அளந்தால் 100 சதுர மீட்டரைத் தாண்டுவதுண்டு. அந்தப் பரப்பின்மேல் மீத்தேன் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மேலே கிடக்கும் பாறையும், விரிசல்களில் தேங்கிய நீரும் தரும் அழுத்தம்தான் அவற்றை அங்கே இருத்தி வைத்திருக்கிறது. இதனால் ஒரு டன் கரிக்குள் 10 அல்லது 15 கன மீட்டர் வாயு அடங்கியிருப்பது வியப்புக்குரிய செய்தி அன்று. பொதுவாக ஆழம் கூடக் கூடவும், கரி முதிர முதிரவும் இந்த அளவு உயரும். பழுப்பு நிலக்கரியில் குறைவாகவும், ஆழத்தில் கிடைக்கும் முதிர்ந்த கரியில் அதிகமாகவும் இருக்கும்.

அழுத்தம் குறைந்தால் ஒட்டியிருந்த வாயு விடுபடும். கோலி சோடாவின் கோலியை அழுத்தியவுடன் வாயு பொங்கி வருவதற்குக் காரணமும் அழுத்தம் குறைவதுதான். சுரங்கம் தோண்டுவது என்பதே நிலத்தடியில் அழுத்தத்தைக் குறைக்கும் செயல் என்பதால், கரியை வெட்டத் தொடங்கிய நொடியிலிருந்து வாயுவும் வரத் தொடங்கிவிடுகிறது. அதை வராமல் தடுக்க வழியில்லை. எந்தப் பாதையில் வரச் செய்வது என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்க முடியும்.

காற்றில் மீத்தேன் 5 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடு வரை இருக்கும்போது அந்தக் கலவை வெடிக்கும், 9.5 விழுக்காட்டை ஒட்டி வெடிப்பின் வேகம் மிகக் கடுமையாக இருக்கும். 5-க்குக் கீழே எரிபொருள் போதாது. 15-க்கு மேலே ஆக்சிஜன் போதாது. மீத்தேன் காற்றின் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும் என்பதால், காற்று மெதுவாகப் போகும் பாதைகளில் அது கூரையை ஒட்டி மெல்லிய அடுக்காகப் படர்ந்துவிடும். தரையருகே அளந்தால் ஒன்றும் தெரியாது. தலைக்கு மேலே வெடிக்கும் கலவை நீண்டு கிடக்கும். வெட்டும் இயந்திரத்தின் பற்கள் மணற்பாறையில் உரசி எழும் சூடே அதைக் கொளுத்தப் போதும். அந்தச் சிறிய வெடிப்பு தரையிலும் சுவரிலும் படிந்திருக்கும் கரித்தூளைக் கிளப்பிவிட்டால், தூள் தானே பற்றிக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் ஓடும். 1906 மார்ச் 10 அன்று பிரான்ஸின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேரைப் பலிகொண்ட பேரழிவு அப்படிக் கரித்தூள் வழியே பரவியதுதான்.

காற்றோட்டத்தின் எல்லை

மீத்தேனைச் சமாளிக்கும் மிகப் பழைய வழி, நிறையக் காற்றை உள்ளே செலுத்தி அதை நீர்க்கச் செய்வது. இன்றும் எந்தச் சுரங்கமும் காற்றோட்டமின்றி இயங்க முடியாது. ஆனால் இந்த வழி எங்கே போய் முட்டி நின்றுவிடுகிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

நாளொன்றுக்கு 5,000 டன் கரி வெட்டும் ஒரு முகப்பை, அதாவது கரியை வெட்டிக்கொண்டே முன்னேறும் இடத்தை, எடுத்துக்கொள்வோம். டன்னுக்கு 20 கன மீட்டர் வாயு வருவதாக வைத்தால், ஒரு நாளில் 1,00,000 கன மீட்டர். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 1.16 கன மீட்டர். இதை 1 விழுக்காட்டுக்கு நீர்க்கச் செய்ய நொடிக்கு 116 கன மீட்டர் காற்று வேண்டும். அந்தக் காற்றின் எடை ஒரு நாளில் 12,000 டன் அளவுக்கு வரும். வெட்டி எடுக்கும் கரியைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான எடையுள்ள காற்றை நாள்தோறும் நிலத்தடிக்கு அனுப்பித் திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது. உற்பத்தியை இரட்டிப்பாக்கினால் காற்றையும் இரட்டிப்பாக்க வேண்டும். அதே பாதைகளில் இரண்டு மடங்கு காற்றைத் தள்ள விசிறிக்கு எட்டு மடங்கு ஆற்றல் தேவைப்படும், ஏனெனில் தேவைப்படும் ஆற்றல் காற்றோட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. போதாக்குறைக்கு, காற்றின் வேகம் ஓர் அளவைத் தாண்டினால் கரித்தூள் பறக்கத் தொடங்கி, ஓர் ஆபத்தை நீக்கப் போய் இன்னோர் ஆபத்தை வரவழைத்ததாகிவிடும்.

இதே கணக்கை மறுபக்கத்திலிருந்து பார்த்தால் மீத்தேன் வடிப்பின் மதிப்பு தெரியும். வரும் வாயுவில் பாதியைக் குழாயில் பிடித்துவிட்டால், 116-க்குப் பதில் 58 கன மீட்டர் காற்று போதும். விசிறியின் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகக் குறையும். பாதுகாப்பும் செலவுக் கணக்கும் ஒரே திசையில் இழுக்கும் இடங்கள் சுரங்கத் தொழிலில் மிகக் குறைவு. அவற்றுள் இது ஒன்று என்பதாலேயே இதன் தாமதம் மனத்தை உறுத்துகிறது.

வைட்ஹேவன், 1733

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் உள்ள வைட்ஹேவனில், சர் ஜேம்ஸ் லோதருக்குச் சொந்தமான சுரங்கங்களை நடத்தியவர் கார்லைல் ஸ்பெடிங். கடலுக்கு அடியில் நீளும் கரியை எடுப்பதற்காக 1729-இல் சால்டம் என்ற குழியை இறக்கத் தொடங்கினார்கள். இறக்கிக்கொண்டிருந்தபோதே பாறை இடுக்கிலிருந்து எரியும் வாயு பீறிட்டு வந்தது. வேலையை நிறுத்த மனமில்லாத ஸ்பெடிங், அந்த இடத்தை அடைத்து, குழாய் ஒன்றைப் பொருத்தி, வாயுவை நிலத்துக்கு மேலே கொண்டுபோய் விட்டார். லோதர் இந்த வாயுவை விலங்குகளின் நீர்ப்பையில் அடைத்து லண்டனுக்கு அனுப்ப, 1733-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்கள் முன்னிலையில் அது எரித்துக் காட்டப்பட்டது. அவ்வூர் மருத்துவர் வில்லியம் பிரவுன்ரிக் சுரங்க வாயுவைத் தம் ஆய்வுக்கூடத்துக்கே குழாய் வழியாக வரவழைத்து ஆராய்ந்தார். இந்த வாயுவைக் கொண்டு ஊர்த் தெருக்களுக்கு விளக்கேற்றலாம் என்று ஸ்பெடிங் முன்வந்ததாகவும், ஊரார் அதை ஏற்கவில்லை என்றும் சொல்லப்படுகிறது.

மீத்தேனைக் குழாயில் பிடித்து மேலேற்றியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவு இதுதான். பிடிப்பது, குழாயில் ஏற்றுவது, பயன்படுத்த நினைப்பது என்று பின்னாளைய தொழில்நுட்பத்தின் மூன்று கூறுகளும் இதில் இருக்கின்றன. ஆனால் ஸ்பெடிங்குக்குக் கிடைத்தது தானாகப் பீறிட்ட ஒற்றை ஊற்று. அதை மட்டுமே அவரால் அடைக்க முடிந்தது. கரியின் பரப்பு முழுவதிலுமிருந்து ஓசையின்றிக் கசிந்துகொண்டிருந்த வாயுவுக்கு அவரிடம் வழியில்லை. 1755-இல் வைட்ஹேவன் சுரங்கம் ஒன்றில் நடந்த வாயு வெடிப்பிலேயே அவர் உயிரிழந்தார்.

அடுத்த நூறாண்டில் கவனம் விளக்கின்மேல் திரும்பியது. 1812 மே 25 அன்று டர்ஹாம் பகுதியின் ஃபெலிங் சுரங்கத்தில் 92 பேர் இறந்தபின் எழுந்த பொதுமக்கள் வேதனையால், ஹம்ஃப்ரி டேவி, ஜார்ஜ் ஸ்டீவன்சன், வில்லியம் கிளானி ஆகியோர் தனித்தனியே பாதுகாப்பு விளக்குகளை உருவாக்கினார்கள். டேவியின் விளக்கில் சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பிவலை இருக்கும். வலை வெப்பத்தை உறிஞ்சிப் பரப்பிவிடுவதால் உள்ளே எரியும் வாயு வெளியே இருக்கும் வாயுவைப் பற்றவைக்காது. அதே விளக்கு அளவுகருவியாகவும் பயன்பட்டது. சோதிப்பவர் திரியைத் தாழ்த்திச் சுடரைச் சிறிதாக்கி, விளக்கை மெல்லக் கூரையை நோக்கி உயர்த்துவார். மஞ்சள் சுடரின் தலையில் வெளிர்நீலத் தொப்பி ஒன்று தோன்றினால் அங்கே மீத்தேன் இருக்கிறது; தொப்பியின் உயரத்தைக் கொண்டு எத்தனை விழுக்காடு என்று சொல்வார்கள். 1.25 விழுக்காட்டை ஒட்டித்தான் அது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் என்பதால், பழகிய கண்களுக்கு மட்டுமே அந்த வேலை கொடுக்கப்பட்டது.

விளக்கு பல உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் துணையோடு, அதுவரை யாரும் கை வைக்கத் துணியாத வாயு மிகுந்த ஆழமான படுகைகளுக்குள் (கரி அடுக்குகளுக்குள்) முதலாளிகள் தொழிலாளர்களை அனுப்பினார்கள், வெடிப்புகள் தொடர்ந்தன. தீப்பொறியைத் தடுப்பதில் இருந்த அக்கறை, எரிபொருளை அகற்றுவதில் இல்லாமல் போனது.

ஃபாரடே சொன்னது

1844 செப்டம்பர் 28 அன்று டர்ஹாமின் ஹாஸ்வெல் சுரங்கத்தில் 95 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அரசாங்கத்தை வற்புறுத்தியதன் விளைவாக, மைக்கேல் ஃபாரடேயும் நிலவியலாளர் சார்ல்ஸ் லயலும் விசாரணைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் தந்த அறிக்கையில் இரண்டு கருத்துகள் காலத்தை மீறி நின்றன. கரித்தூளும் வெடிப்பில் பங்கெடுக்கிறது என்பது முதலாவது. கரியை எடுத்தபின் கூரை இடிந்து கிடக்கும் வெற்றிடமே வாயுவின் கிடங்கு, அங்கிருந்து குழாய் வைத்து வாயுவை இழுத்து வெளியேற்ற வேண்டும் என்பது இரண்டாவது.

இடிந்த வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டியதில்தான் ஃபாரடேயின் கூர்மை இருக்கிறது. தொழிலாளர்கள் வேலை செய்யும் முகப்பை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர்களுக்குப் பின்னால் கைவிடப்பட்ட பகுதியை அவர் பார்த்தார். சுரங்க உரிமையாளர்கள் இந்த யோசனை நடைமுறைக்கு ஒத்துவராது என்று ஒதுக்கிவிட்டார்கள். அவர்கள் கூற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. இடிந்த பகுதிக்குள் சும்மா ஒரு குழாயை நுழைத்து இழுத்தால், பாதைகளின் காற்றும் சேர்ந்து உள்ளே ஓடி, வாயு நீர்த்து, வெடிக்கக்கூடிய கலவையே குழாயில் வரக்கூடும். செறிவான வாயுவைப் பிடிக்க வேண்டுமானால், அது வெற்றிடத்துக்குள் வந்துசேர்வதற்கு முன்பே, புறப்படும் இடத்தில் சந்திக்க வேண்டும். அந்த இடம் எது என்பது தெரியவர மேலும் ஒரு நூற்றாண்டு ஆனது. ஆயினும், யோசனையைத் தூக்கியெறியாமல் சோதித்துப் பார்த்திருக்கலாம் என்றே நான் கருதுகிறேன். 1913 அக்டோபர் 14 அன்று தெற்கு வேல்ஸின் செங்கெனித் சுரங்கத்தில் 439 தொழிலாளர்களும், மீட்கச் சென்ற ஒருவரும் இறந்தது வரை, அந்த இடைக்காலத்தில் நேர்ந்த இழப்புகள் சிறியவை அல்ல.

ரூர், 1943

ஜெர்மனியின் ரூர் பகுதியில் போஹும் என்ற நகரை ஒட்டியிருந்த மான்ஸ்ஃபெல்ட் சுரங்கத்தில் 1943-இல் முறையான மீத்தேன் வடிப்பு வெற்றிகண்டது. அங்கே கையாண்ட முறைதான் இன்றளவும் ஐரோப்பிய ஆழ்சுரங்கங்களின் அடிப்படை. அதைப் புரிந்துகொள்ள நீள்சுவர் முறை எனப்படும் லாங்வால் வெட்டைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும்.

லாங்வாலில் 100 முதல் 300 மீட்டர் நீளமுள்ள ஒரு கரிச்சுவரை முழு நீளத்துக்கும் சீவிக்கொண்டே முன்னேறுவார்கள். தாங்கிகள் முன்னே நகர நகர, பின்னால் கூரை இடிந்து விழ விடப்படும். விழுந்த கூரைக்கு மேலே உள்ள பாறை அடுக்குகளும் தளர்ந்து, வளைந்து, விரிசல் விடும். இந்தத் தளர்ச்சி மேல்நோக்கி ஏறத்தாழ 160 முதல் 200 மீட்டர் வரையிலும், கீழ்நோக்கி 40 முதல் 70 மீட்டர் வரையிலும் எட்டும். ரூர் போன்ற நிலங்களில் அந்த இடைவெளிக்குள் மெல்லிய கரிப்படுகைகள் பல இருக்கும். அவற்றை யாரும் வெட்டப்போவதில்லை. ஆனால் சுற்றியுள்ள பாறை தளர்ந்ததும் அவற்றின் அழுத்தமும் குறைந்து, அவற்றிலுள்ள வாயு விரிசல்கள் வழியாகக் கீழிறங்கிச் சுரங்கத்துக்குள் வந்துவிடும். ஒரு டன் கரிக்குள் அடங்கியிருக்கும் அளவைவிடப் பல மடங்கு வாயு, வெட்டிய டன் ஒன்றுக்கு வருவதன் காரணம் இதுதான். வெட்டும் படுகையைக் காட்டிலும் வெட்டாத படுகைகளே பெரிய வாயு மூலமாக இருக்கக்கூடும்.

இந்த ஒரு தெளிவு கிடைத்ததும் குழாயை வைக்க வேண்டிய இடமும் தெளிவாகிவிட்டது. வெளியேறும் காற்றுப் பாதையில், முகப்புக்குச் சற்றுப் பின்னால் துளையிடும் இயந்திரத்தை நிறுத்துவார்கள். அங்கிருந்து இடிந்த பகுதியின் மேலாகச் சாய்வாக, மேலே உள்ள கரிப்படுகைகளை ஊடுருவும்படி துளை போடப்படும். முதல் சில மீட்டர்கள் அகலமாகத் துளைத்து, எஃகுக் குழாய் ஒன்றை உள்ளே செருகி, சுற்றிலும் சிமெண்ட் பாய்ச்சி இறுக விடுவார்கள். சிமெண்ட் இறுகியபின் அந்தக் குழாயின் வழியாகவே குறுகலான துளையைப் பாறைக்குள் பல பத்து மீட்டர் வரை நீட்டுவார்கள். துளையின் வாயில் அடைப்பிதழ் (வால்வு), வாயு மாதிரி எடுக்கும் சிறு திறப்பு, நீர் பிடிக்கும் பாத்திரம் ஆகியவற்றைப் பொருத்தி, பாதை நெடுகப் போகும் பெரிய குழாயோடு இணைப்பார்கள். நிலத்துக்கு மேலே நிற்கும் பம்ப் அந்தப் பெரிய குழாயில் சிறிதளவு வெற்றிடத்தை உண்டாக்கி வாயுவை இழுக்கும்.

புதிதாகப் போட்ட துளையில் தொடக்கத்தில் வாயு பெரிதாக வராது. முகப்பு அதைக் கடந்து சில பத்து மீட்டர்கள் முன்னேறியதும், மேலே உள்ள பாறை தளர்ந்து, துளையில் வாயு பெருகும். சில வாரங்களில் உச்சத்தை எட்டிப் பின் மெல்லத் தணியும். ஒவ்வொரு துளையையும் நாள்தோறும் அளந்து அடைப்பிதழைத் திருத்தும் ஒருவரின் பொறுமையில்தான் முழு அமைப்பும் நிற்கிறது. பேராசையோடு அதிகமாக இழுத்தால், துளையைச் சுற்றிய விரிசல்கள் வழியே பாதையின் காற்றும் நுழைந்து மீத்தேன் விழுக்காடு சரியும். குழாயில் மீத்தேன் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது பல நாடுகளில் நடைமுறையில் உள்ள விதி. வெடிக்கும் எல்லையின் மேல்முனையான 15-ஐப் போல இரண்டு மடங்கு என்ற பாதுகாப்பு இடைவெளியை அது தருகிறது. வானிலையும் இதில் தலையிடும். காற்றழுத்தம் சட்டென்று குறையும் நாளில், இடிந்த வெற்றிடத்தில் தேங்கிய வாயு பாதைகளை நோக்கி வழிந்துவரும் என்பதால், சுரங்கங்களில் காற்றழுத்தமானி வைத்துப் பார்த்துக்கொண்டேயிருப்பார்கள்.

போர் முடிந்தபின் இந்த முறை பெல்ஜியம், பிரான்ஸ், போலந்து, சோவியத் ஒன்றியம் எனப் பரவியது. 1947-இல் சுரங்கங்களை அரசுடைமையாக்கிய பிரிட்டனும் அந்தப் பத்தாண்டின் இறுதியில் அதைக் கைக்கொண்டது. வடக்கு வேல்ஸின் பாயின்ட் ஆஃப் அயர் சுரங்கம் அங்கே முன்னோடிகளில் ஒன்று. சீனாவில் 1952-இல் ஃபூஷுனின் லொங்ஃபெங் சுரங்கத்திலும், 1950-களின் இறுதியில் யாங்சுவானிலும் மீத்தேன் வடிப்பு காலூன்றியது.

முன்கூட்டியே வடித்தல்

ரூர் முறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அது வெட்டியபின் வரும் வாயுவையே பிடிக்கிறது. ஆழத்தில் நசுங்கிக் கிடக்கும் ஐரோப்பியக் கரியில் விரிசல்கள் இறுக மூடியிருப்பதால், பாறை தளரும் முன் எத்தனை துளை போட்டாலும் வாயு அசையாது. அமெரிக்கக் கரிப்படுகைகள் பலவற்றில் நிலைமை வேறு. அங்கே கரி ஆழம் குறைவாகவும், இயற்கையான பிளவுகள் திறந்தும் இருப்பதால், வெட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வாயுவை இறக்கிவிட முடிகிறது.

1968 நவம்பர் 20 அன்று மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் இறந்தார்கள். தொலைக்காட்சியில் புகையைப் பார்த்த நாடு அடுத்த ஆண்டே கடுமையான பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. மத்திய அரசின் சுரங்க ஆய்வுத் துறை ஏற்கெனவே தொடங்கியிருந்த மீத்தேன் ஆராய்ச்சிக்கு அதன்பின் வேகம் கூடியது. அலபாமாவின் ஓக் குரோவ் சுரங்கத்தில் 1977 முதல், இன்னும் வெட்டப்படாத கரிக்குள் தரைமட்டத்திலிருந்தே செங்குத்தாகத் துளைகளை இறக்கி, உயர் அழுத்தத்தில் நீரைச் செலுத்திக் கரியைப் பிளந்து, வாயுவை எடுத்துப் பார்த்தார்கள். இங்கே முதலில் வெளியே வருவது நீர்தான். கரியின் பிளவுகளில் நிறைந்திருக்கும் நீரை இறைத்தால்தான் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால்தான் வாயு விடுபடும். 1980-இல் அமெரிக்க அரசு அளித்த வரிச்சலுகையோடு சேர்ந்து, பாதுகாப்புக்காகத் தொடங்கிய இந்த முயற்சி, சுரங்கமே தோண்டாமல் கரியிலிருந்து வாயுவை மட்டும் எடுத்து விற்கும் தனித் தொழிலாக வளர்ந்துவிட்டது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு மீத்தேன் என்றதும் நினைவுக்கு வரும் மன்னார்குடித் திட்டம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. காவிரிப் படுகையின் பழுப்பு நிலக்கரியிலிருந்து வாயு எடுக்க 2010-இல் ஒப்பந்தமான அத்திட்டத்தை உழவர்கள் எதிர்த்ததற்கு முதன்மையான காரணம், வாயுவுக்காக நிலத்தடி நீரைப் பெருமளவில் இறைக்க வேண்டியிருக்கும் என்ற அச்சம். மேலே சொன்ன இயக்கமுறையைப் பார்த்தால் அந்த அச்சத்தின் வேர் புரியும். சுரங்கத் தொழிலாளரின் உயிரைக் காக்கச் செய்யப்படும் மீத்தேன் வடிப்பும், விற்பனைக்காக வாயு எடுக்கும் திட்டமும் ஒரே இயற்பியலைப் பயன்படுத்துகின்றன; நோக்கம், இடம், விளைவு மூன்றும் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆஸ்திரேலியா முன்கூட்டி வடித்தலை வேறொரு திசையில் கொண்டுபோனது. 1979 ஜூலை 24 அன்று நியூ சவுத் வேல்ஸின் ஆப்பின் சுரங்க வெடிப்பில் 14 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதியின் புல்லி படுகையில் இன்னொரு பெருந்தொல்லையும் உண்டு: அழுத்தத்தில் அடைபட்ட வாயு, கரியையும் தூளாக்கித் தன்னோடு இழுத்துக்கொண்டு, வெட்டுபவர்மேல் திடீரென்று பாய்ந்துவிடும். இதற்குத் தீர்வாக, நிலத்தடியில் இருந்தபடியே படுகைக்குள் கிடைமட்டமாக நெடுந்துளைகளை இறக்கக் கற்றுக்கொண்டார்கள். துளையின் முனையில் உள்ள மோட்டாரைத் திருப்பித் திருப்பி, ஒரு கிலோமீட்டருக்கும் மேலாகக் கரிக்குள்ளேயே வழி தவறாமல் அதைச் செலுத்த முடிந்தது. கரியின் மாதிரியை எடுத்து அதில் எஞ்சிய வாயுவை அளந்து, அது குறித்த வரம்புக்குக் கீழே இறங்கியபிறகே அந்த இடத்தில் பாதை வெட்டலாம் என்ற ஒழுங்கு 1990-களில் உறுதியானது. 1996-இல் ஆப்பின், டவர் சுரங்கங்களின் வாயுவைக் கொண்டு, ஏறத்தாழ ஒரு மெகாவாட் திறனுள்ள 94 எஞ்சின்கள் மின்சாரம் எடுக்கத் தொடங்கின.

சீனாவில் 2000-களின் தொடக்கத்தில், முதலில் வாயுவை வடி, பிறகு கரியை எடு, இடைவிடாது கண்காணி, காற்றோட்டத்தின் அளவே உற்பத்தியின் அளவு என்பது அரசின் கொள்கையாயிற்று. ஷான்ஷி மாகாணத்தின் சிஹே சுரங்கத்தில் வடித்த வாயுவைக் கொண்டு 120 மெகாவாட் மின்நிலையம் இயங்குகிறது.

இந்தியாவில் சுரங்கப் படுகைகளை வாயுவின் அளவைக் கொண்டு மூன்று படிகளாகச் சட்டம் பிரிக்கிறது. வெட்டும் டன்னுக்கு 10 கன மீட்டருக்கு மேல் வாயு வந்தால் அது மூன்றாம் படி. 1965 மே 28 அன்று தோரி சுரங்க வெடிப்பில் 268 பேர் இறந்ததை இந்தியச் சுரங்கத் தொழில் மறக்கவில்லை. ஆனாலும் நம் உற்பத்தியில் பெரும்பகுதி திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வருவதாலும், நிலத்தடிச் சுரங்கங்கள் பல ஆழம் குறைந்தவை என்பதாலும், மீத்தேன் வடிப்பு இங்கே பரவலாகவில்லை. ஜரியாவின் மூனிடி சுரங்கத்தில், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு நடந்த செயல்விளக்கத் திட்டத்தில், துளைகளிலிருந்து கிடைத்த வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுத்துக் காட்டினார்கள். ஆழம் கூடிய ஜரியா கரியை எதிர்காலத்தில் எடுக்க வேண்டிவந்தால் அந்த அனுபவம் அவசியமாகும்.

அமைப்பு இருந்தும் போதாதபோது

துளையும் குழாயும் இருக்கின்றன என்பதாலேயே ஒரு சுரங்கம் பாதுகாப்பானதாகிவிடாது. நியூசிலாந்தின் பைக் ரிவர் சுரங்கம் 2010 நவம்பர் 19 அன்று வெடித்து 29 பேர் இறந்தார்கள். விசாரித்த அரச ஆணையம் 2012-இல் தந்த அறிக்கையில், அங்கிருந்த மீத்தேன் வடிப்பு அமைப்பு வரும் வாயுவைத் தாங்கப் போதுமானதாக இல்லை என்று பதிவு செய்தது. புதிய துளைகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டன. அவற்றையெல்லாம் சுமக்க வேண்டிய குழாய் அதற்கேற்ப வளரவில்லை. முதன்மை விசிறியையே நிலத்தடியில் வைத்திருந்ததால் முதல் வெடிப்பிலேயே அது சேதமடைந்தது. எச்சரிக்கைகள் எழுத்தில் இருந்தன. உற்பத்தியைத் தொடங்கும் அவசரம் அவற்றை முந்திவிட்டது. 2007 மார்ச் 19 அன்று ரஷ்யாவின் உல்யானவ்ஸ்கயா சுரங்கத்தில் 110 பேர் இறந்தபோது, வாயு அளக்கும் கருவிகளிலேயே கை வைக்கப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. இவ்விரு நிகழ்வுகளையும் படிக்கும்போது, ஃபாரடே காலத்தில் அறியாமையைக் காரணமாகச் சொல்ல முடிந்ததைப் போல இன்று சொல்ல முடியாது என்ற எண்ணமே மேலோங்குகிறது.

வளிமண்டலம் என்ற புதிய கணக்கு

1990-கள் வரை, மேலே கொண்டுவந்த மீத்தேனைப் பெரும்பாலான சுரங்கங்கள் அப்படியே காற்றில் விட்டுவிட்டன. பாதுகாப்பு ஒன்றே நோக்கமாக இருந்ததால் யாரும் தவறாக நினைக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக் கணக்கில் கார்பன் டையாக்சைடைப் போல ஏறத்தாழ 28 மடங்கும், 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் அதிகமாகவும் மீத்தேன் புவியைச் சூடாக்குகிறது என்பது தெரிந்தபின் கணக்கு மாறியது. செறிவான வாயுவை எஞ்சினில் எரித்து மின்சாரம் எடுக்கலாம். அதற்கு வழியில்லையென்றால் சுடராக எரித்துவிடுவதும் நேரே காற்றில் விடுவதைவிட எவ்வளவோ மேல்.

கடினமான பகுதி காற்றோட்டத்தோடு போகும் மீத்தேன். சுரங்கத்தின் விசிறி வெளியே தள்ளும் காற்றில் அது 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருக்கும். சாதாரணமாகக் கொளுத்தினால் எரியாது. ஆனால் காற்றின் மொத்த அளவு மிகப் பெரிது என்பதால், உலகின் நிலக்கரிச் சுரங்கங்கள் விடும் மீத்தேனில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இந்த நீர்த்த காற்றில்தான் போகிறது. ஆயிரம் டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கிய பீங்கான் படுகை வழியாகக் காற்றைச் செலுத்தி, அதிலுள்ள மீத்தேனை ஆக்சிஜனோடு சேரவைக்கும் முறை 2007-இல் ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் கிளிஃப் சுரங்கத்தில் வணிக அளவில் இயங்கத் தொடங்கியது. அந்த வெப்பத்தில் நீராவி உண்டாக்கி 6 மெகாவாட் மின்சாரமும் எடுத்தார்கள். செலவு அதிகம் என்பதால் இம்முறை இன்னும் சில இடங்களிலேயே இருக்கிறது. குழாயில் பிடிக்கும் பங்கைக் கூட்டினால் காற்றில் நீர்த்துப் போகும் பங்கு குறையும் என்பதால், நல்ல மீத்தேன் வடிப்பே வளிமண்டலத்துக்கும் மலிவான முதல் உதவி.

மூடிய சுரங்கங்களிலும் வேலை முடிவதில்லை. வெட்டு நின்றபின்னும் தளர்ந்த படுகைகள் பல ஆண்டுகள் வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். பழைய குழிகள், விரிசல்கள் வழியாக அது வீடுகளின் அடித்தளம் வரை வந்துசேர்வதும் உண்டு. 2000-இல் இயற்றிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டத்தில் ஜெர்மனி சுரங்க வாயு மின்சாரத்துக்கும் இடம் கொடுத்ததால், ரூர் பகுதியின் கைவிடப்பட்ட சுரங்கங்களில் எஞ்சின்கள் நிறுவப்பட்டன. 2018 டிசம்பரில் அங்கே கடைசிச் சுரங்கமான ப்ராஸ்பர் ஹானியலும் மூடப்பட்டபிறகும் பழைய குழிகளிலிருந்து வாயு இழுக்கப்படுகிறது. சுரங்கத்துக்குள் நீர் ஏற ஏறக் கரியின்மேல் மீண்டும் அழுத்தம் கூடி வாயு வரத்து நின்றுவிடும். எனவே எந்தக் குழியில் நீர்மட்டம் எவ்வளவு வேகமாக உயர்கிறது என்பதைப் பொறுத்தே, அந்தக் குழியின் பம்பை இன்னும் எத்தனை ஆண்டுகள் ஓட்டுவது என்று அங்குள்ள பொறியாளர்கள் திட்டமிடுகிறார்கள்.